கழுகுக் கூட்டில் ஏன் யாரும் கை வைக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில், கேமரா மாட்டி இணையத்தில் நேரலையாகக் காட்டுகிற கழுகுக் கூட்டைப் பற்றிப் படங்களோடு ஒரு பக்கம் வந்திருந்தது. ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் குஞ்சுகள் இரண்டும் 2025 ஜூன் தொடக்கத்தில் கூட்டை விட்டுப் பறந்ததைச் சொல்லி, கூடவே மார்ச் மாதப் பனியில் மூன்றில் ஒரு குஞ்சு இறந்துபோனதையும் எழுதியிருந்தீர்கள். அடுத்த வாரமே ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் போட்டிருந்தார். கேமரா மாட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடையை மேலே அனுப்பிக் குஞ்சை இறக்கத் தெரியாதா, ஒரு உயிர் போவதை உலகமே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என்ன நாகரிகம் என்று கேட்டிருந்தார். இதுவே மிருகக்காட்சிசாலையாக இருந்தால் டாக்டர் ஓடி வந்திருப்பார் என்பதும் அவர் வாதம்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குஞ்சு செத்துவிட்டது என்று படித்தால் யாருக்கும் மனசு பதறத்தான் செய்யும். ஆனால் அந்தக் கூட்டைச் சில வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறவள் நான். அந்தப் பனி ராத்திரியிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேட்டதற்குப் பதில் உண்டு. அது உங்கள் கட்டுரையில் வரவில்லை.

மூலைக்கரைப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், சேலைக்கு ஃபால்ஸ் என்று போகிற தொழில். மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு டப்பாவில் சாய்த்து ஃபோனை நிறுத்தியிருப்பேன். முன்னாடி அதில் சீரியல் ஓடும். சீரியல் ஓடினால் கண் அங்கே போய்விடும், கை நின்றுவிடும், தையல் கோணும். கழுகுக் கூட்டில் அந்தத் தொல்லை இல்லை. மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. தைக்கிறவளுக்கு இதைவிடத் தோதான துணை வேறு கிடையாது.

நேரமும் தோதுதான். கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் பன்னிரண்டரை. நான் கடை திறக்கும்போது அங்கே இருட்டியிருக்கும், நான் கடையைச் சாத்தும்போது அங்கே விடியும். ஆக என் வேலை நேரம் முழுக்க அந்தக் கழுகுக்கு ராத்திரி. அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கிற சாம்பல் நிறப் படம்தான் எனக்கு வாய்த்தது. அந்த வெளிச்சம் கழுகின் கண்ணுக்குப் படாது, கேமராவுக்கு மட்டும் தெரியும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒண்ணுமே அசையல, போட்டோவையா பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார் என்பேன். யாருக்கும் அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

பொறுத்துப் பார்த்தால் அசையும். தலையை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்குகிற ஜாக்கி திடீரென்று எழுந்து நிற்பாள். விரல்களை மடக்கி, நகம் உள்ளே போகும்படி காலை முஷ்டி மாதிரி வைத்துக்கொண்டு முட்டைகளுக்கு நடுவே அடியெடுத்து வைப்பாள். அவ்வளவு பெரிய நகம் முட்டையில் பட்டால் என்ன ஆகும்! அலகால் ஒவ்வொரு முட்டையாகப் புரட்டிவிட்டு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி உட்காருவாள். வயிற்றில் இறகில்லாத வெறும் தோல் முட்டைமேல் படிய வேண்டும், அதற்குத்தான் அந்த ஆட்டம். பிறகு சுற்றிலும் கிடக்கும் காய்ந்த புல்லை அலகால் இழுத்து, காற்று புகும் இடமெல்லாம் திணித்து அடைப்பாள். நான் லைனிங் துணியை உள்ளே மடக்கிவிடுகிற நேர்த்தி அதில் இருக்கும். சில ராத்திரிகளில் பறக்கும் அணில் ஒன்று கூட்டின் விளிம்பில் ஏறி ஓடும். பார்க்கிறவர்கள் அதற்கு ஃபியோனா என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஜாக்கி தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அது போய்விடும். அன்றைக்கு நடந்த பெரிய சம்பவமே அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் எனக்கு விளக்கை அணைக்கிற நேரத்தில் அங்கே மலைக்குப் பின்னால் வெளுக்கும். ஷேடோ வந்து இறங்குவான். பெட்டையைவிட உருவத்தில் சின்னவன். ஏரியில் பிடித்த மீனோ, நாமக்கோழியோ கொண்டுவருவான். நம் குளத்தில் மிதக்கிற நாமக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவைதான் அங்கேயும் இருக்கிறது. எழுந்திரு, நான் உட்காருகிறேன் என்று இவன் பக்கத்திலேயே நிற்பான். அவள் சில நாள் உடனே எழுந்திருப்பாள், சில நாள் காது கேட்காதவள் மாதிரி இருப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூடு ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் உச்சியில், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது. ஊரே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். 2015-லிருந்து அங்கே கேமரா ஓடுகிறது. பிக் பேர் பள்ளத்தாக்கின் நண்பர்கள் என்ற லாபநோக்கில்லாத சிறிய அமைப்பு அதை நடத்துகிறது. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருகிறது. அடைகாக்கும் பருவத்தில் அந்தக் காட்டுப் பகுதியை வனத்துறை அடைத்துவிடும், கூட்டுப் பக்கம் ஆள் நடமாடக் கூடாது. கேமரா நடுவில் பழுதானால்கூட மரமேறி ரிப்பேர் செய்ய முடியாது, பருவம் முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான். 1940-லிருந்தே அங்கே இந்தக் கழுகுகளைக் காப்பாற்றத் தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கூட்டைத் தொந்தரவு செய்தால் குற்றம்.

2025 ஜனவரி 22, 25, 28 தேதிகளில் மூன்று முட்டை. மார்ச் 3, 4 தேதிகளில் இரண்டு பொரிந்தன, மூன்றாவது 8-ஆம் தேதி. வெண்தலைக் கழுகின் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் அளவுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பஞ்சு மாதிரி மென்முடிதான், இறகு கிடையாது. தாயோ தகப்பனோ மேலே படுத்தால்தான் உயிர்.

பனிப்புயல் வந்தது அங்கே மார்ச் 13 ராத்திரி. நமக்கு 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல். ஒரு வளைகாப்புக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ்கள் என் மடியில் இருந்தன. திரையில் வெள்ளைப் புள்ளிகள் சாய்வாக ஓடிக்கொண்டே இருந்தன. கழுகின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. அவ்வப்போது உடம்பை உதறும், முதுகு மறுபடி கறுக்கும். உதறும்போதுகூட எழுந்திருக்கவில்லை. குஞ்சுகள் எதுவும் தெரியவில்லை. மூன்றும் வயிற்றுக்கு அடியில். எனக்குச் சாயங்காலம் முடிந்து அங்கே விடிந்தபோது, இரை ஊட்டும் நேரத்தில் இரண்டு வாய்தான் திறந்தது.

"உலகமே உட்கார்ந்து ஒரு உயிர் போவதை வேடிக்கை பார்த்தது" என்று அந்த வாசகர் எழுதியது இங்கேதான் பொருந்தவில்லை. அந்தக் குஞ்சின் உயிர் எந்த நேரத்தில் போனது என்று பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. உயிர் போவதை யாரும் பார்க்கவில்லை, ஒரு முதுகைத்தான் பார்த்தோம்.

அவர் சொன்னபடி ஒரு ஆளோ கூடையோ மேலே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காற்றிலும் பனியிலும் 145 அடி மரத்தில் ஏறுவது ஒரு பக்கம். ஆள் வருவதைப் பார்த்ததும் மேலே படுத்திருக்கிற கழுகு எழுந்துவிடும். இருட்டில், பனியில் எழுந்த பறவை திரும்பி வந்து உட்காரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அத்தனை நேரமும் மிச்சக் குஞ்சுகள் திறந்து கிடக்கும். ஒன்றைத் தூக்கப் போய் இரண்டைக் கொன்றிருப்பார்கள். இன்றைக்கு நீங்கள் படம் போட்டிருக்கிற சன்னி, கிஸ்மோ இரண்டும் அந்த ராத்திரியைத் தாண்டியதற்குக் காரணம், அந்த முதுகு எழுந்திருக்காமல் இருந்ததுதான். (அந்தப் பேர்களை ஊர்ப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.)

இதே கூட்டில் 2019-ல் குக்கி என்ற குஞ்சு செத்தது. அது மே மாதக் கடைசி. குஞ்சுக்கு ஆறு வாரம் அளவு வயது. தாயின் அடியில் முழுதாக அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது, ஆனால் மழையையும் குளிரையும் தாங்குகிற இறகு வரவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் புயல் வந்து மாட்டிக்கொண்டது. கூடப் பிறந்த சிம்பா பிழைத்துப் பறந்தது. பெற்றவர்கள் அப்போதும் கூட்டில்தான் இருந்தார்கள்.

சொல்லச் சொல்லக் கேட்காமல் கை வைத்த கதையும் உண்டு. 2014-ல் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை நடத்திய கழுகுக் கேமராவில் ஒரு குஞ்சு அடிபட்டு நகர முடியாமல் கிடப்பதை ஜனங்கள் பார்த்தார்கள். துறை முதலில் தலையிட மாட்டோம் என்றது. ஃபோன், மின்னஞ்சல் என்று விஷயம் ஆளுநர் அலுவலகம் வரை போய், கடைசியில் ஆள் ஏற்றி இறக்கினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பறவை மருத்துவமனையில் பார்த்தால் எலும்பு மோசமாக முறிந்து, தொற்றும் ஏறியிருந்தது. பிழைக்காது என்று ஊசி போட்டுக் கண்ணை மூடவைத்தார்கள். ஸ்னாப் என்று அதற்குப் பேர் வேறு வைத்திருந்தார்கள் பார்வையாளர்கள்.

எப்போதும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஃப்ளோரிடாவில் நார்த் ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊரில் ஒரு கழுகுக் கூட்டுக் கேமரா இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே இரண்டு குஞ்சுகளுக்கும் கண் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டது. இரை ஊட்டும்போது அலகு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறியதைப் பார்த்தவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அனுமதி வாங்கி, இறக்கி, மருந்து போட்டுச் சில நாளில் அதே கூட்டில் திரும்ப வைத்தார்கள். பெற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே பனி கொட்டவில்லை, புயல் ராத்திரி இல்லை, நோய்க்கு மருந்தும் கையில் இருந்தது. பிக் பேரில் இந்த மூன்று வசதியும் கிடையாது.

இன்னும் ஒன்று. இந்தக் கழுகு இனத்துக்கு மனிதன் செய்த பெரிய உதவி எந்தக் கூட்டிலும் ஏறாமல் செய்தது. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்கா முழுக்கவே 417 ஜோடிகள்தான் கூடு கட்டின. 1972-ல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2007-ல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்தே பேரை எடுத்தார்கள். 2021 கணக்குப்படி 3,16,700 கழுகுகள். ஒரு குஞ்சுக்காகக் கோபப்படுகிறவர்கள் அந்த மருந்துக் கதையையும் தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் சரியான திசையில் போகும்.

மிருகக்காட்சிசாலையாக இருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். அதையும் நான் பார்ப்பதுண்டு. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் தேசிய விலங்கியல் பூங்காவின் பாண்டா கேமரா 2000-ல் தொடங்கியது. நான் அந்தப் பக்கம் போனது பிற்பாடுதான், ஆனால் பழைய விவரங்களைத் தேடிப் படித்திருக்கிறேன். 2012 செப்டம்பரில் மெய் சியாங் என்ற தாய்ப் பாண்டா குட்டி போட்டது. ஒரு வாரம் ஆவதற்குள், 23-ஆம் தேதி காலையில், கேமராவைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தாய் வேதனையில் போடும் சத்தம் கேட்டது. டாக்டர் ஓடித்தான் போனார். குட்டியை எடுத்து நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. நுரையீரல் சரியாக வளராததால் ஆக்சிஜன் பற்றாமல் கல்லீரல் கெட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. 2015-ல் அதே தாய்க்கு இரட்டைக் குட்டி. பாண்டா பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்க்கும், மற்றதை விட்டுவிடும். அதனால் ஊழியர்கள் ஒன்றைத் தாயிடமும் ஒன்றை இன்குபேட்டரிலுமாக மாற்றி மாற்றி வைத்தார்கள். சில நேரம் தாய் கையில் இருப்பதைக் கொடுக்க மறுத்தது. நாலாம் நாள் சின்னக் குட்டி போய்விட்டது. பெரியது பெய் பெய் என்ற பேரில் வளர்ந்தது. இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர் இருந்த இடத்தில் நடந்தது இது.

அவர்கள் ஓடியது சரிதான். கூண்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் நாம், அதன் சாப்பாட்டுக்கும் நோய்க்கும் நாம்தான் பொறுப்பு. ஆனால் பூங்காக் கேமராக்களில் எனக்கு ஒரு குறை உண்டு. விலங்கு அழகாகத் தெரிகிற மூலையில்தான் அதை வைக்கிறார்கள். ஒரு புலி சுவரோரமாக ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைத் தற்செயலாக ஒரு கேமராவில் பார்த்தேன். அப்படி நடப்பது அடைபட்ட விலங்குகளின் மன உளைச்சலுக்கு அடையாளம் என்று துறை தெரிந்தவர்கள் சொல்வார்கள். அடுத்த தடவை பார்த்தபோது கேமரா கோணம் குளத்துப் பக்கம் திரும்பியிருந்தது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. நம் வண்டலூரிலும் நேரலை உண்டு. ஊரடங்கு நாட்களில் பிள்ளைகள் அதைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். கேமராவைத் திருப்பாமல் வைத்தால் நல்லது.

காட்டுப் பறவைக்கே மனிதர் கை வைத்து வளர்க்கிற கேமராவும் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒட்டாகோ தீபகற்பத்தின் முனையில் ராயல் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடல் பறவைகள் கூடு கட்டும். அங்கே 2016-லிருந்து கேமரா. எனக்குக் காலையில் அது பகல் வெளிச்சத்தில் கிடைக்கும், கழுகுக்கு இருட்டிவிட்டால் அங்கே போய்விடுவேன். குஞ்சு எட்டு மாதம் அளவுக்குக் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு, நடுவில் கறுப்பாக இரண்டு கண். வனத்துறை ஆட்கள் வாரா வாரம் வந்து குஞ்சை ஒரு கூடையில் வைத்து எடை போடுவார்கள். எடை குறைந்தால் ஊட்டுவார்கள். வெயில் ஏறினால் தண்ணீர் தெளிப்பான் ஓடும். பொரிகிற சமயத்தில் ஈ முட்டையிட்டுக் குஞ்சைக் கொன்றுவிடும் என்பதால், முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கூட்டில் பொய் முட்டை வைப்பார்கள். லான்ஸ் ரிச்டேல் என்பவர் கூட்டுக்குக் காவலே இருந்து, 1938-ல் அங்கே முதல் குஞ்சைப் பறக்கவிட்டார். அவர் காலத்திலிருந்து வந்த பழக்கம். நாய், பூனை, எலி, கீரி மாதிரி இருக்கும் ஸ்டோட், ஈ எல்லாம் மனிதன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவை. இனமும் அழியும் அபாயத்தில் இருக்கிறது. ஆகவே கை வைக்கிறார்கள், பார்க்கிறவர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பறவையும் ஆள் பக்கத்தில் வந்தால் கூட்டை விட்டு ஓடாது. கழுகு ஓடிவிடும்.

இதெல்லாம் எனக்கு வெளிநாட்டுச் சமாச்சாரமாகத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா பிறந்தது கூந்தன்குளத்தில். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் வந்து இறங்குகிற ஊர். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். 1994-ல் சரணாலயம் ஆயிற்று, 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே ஆச்சி வீட்டுக் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாகத்தான் இருக்கும். மீன் வாடை மூக்கைத் துளைக்கும். ஆச்சி முணுமுணுத்து நான் கேட்டதில்லை, மருமகள்கள்தான் முணுமுணுப்பார்கள். காற்றடித்தால் குஞ்சு கீழே விழும். விழுந்த குஞ்சுக்குப் பெற்ற பறவை கீழே இறங்கி வந்து ஊட்டாது. நாய் தூக்கும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். அதனால் மாமா பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்ப் பறவைகளைப் பராமரிக்கிறவர்களிடம் கொடுப்பார். அங்கே மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுவார்கள். விழுந்த குஞ்சுக்குத்தான் இது. மரத்தில் இருக்கிற குஞ்சு இளைத்துக் கிடக்கிறது என்று யாரும் மரம் ஏறினதில்லை. ஏறினால் மரத்தில் இருக்கிற கூட்டமே கலையும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது உங்களிடம் ஒரு மனக்குறை. அந்த வாசகருக்குக் கோபம் வந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் இணையப் பதிப்பில் போட்ட அரை நிமிடத் துண்டுப் படத்தில் சோக இசை சேர்த்திருந்தீர்கள். ராத்திரி முழுக்க நடந்ததை வெட்டி, பனி, முதுகு, இரண்டு குஞ்சு என்று மூன்று காட்சியாக ஆக்கிவிட்டால் பார்க்கிறவருக்கு யாரோ பக்கத்தில் நின்றும் உதவாமல் போனது போலத்தான் இருக்கும். "கண்ணீர் விட்ட தாய்க் கழுகு" என்று தலைப்பு வேறு. கழுகு அழுததை நான் பார்க்கவில்லை. விடிந்ததும் மிச்ச இரண்டுக்கும் மீனைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, தலையைச் சாய்த்து வாயில் வைத்ததைப் பார்த்தேன். உங்கள் துண்டுப் படத்தில் அது இல்லை.

2024-ல் இதே ஜாக்கி மூன்று முட்டை இட்டாள், ஜனவரி 25, 28, 31. பொரியும் நாள் வந்தது, போனது. மார்ச் மாதம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பனிப்புயலில் அவள் இரண்டு நாளுக்கு மேல் கூட்டை விட்டுப் போகவே இல்லை. ஒரு முட்டையும் பொரியவில்லை. அந்த வருடம் உங்கள் தாளில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. அலாஸ்காவில் கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவிக் கேமராவில் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி 469 என்ற ஆண் கரடி 402 என்ற பெண் கரடியைக் கொன்றது. நன்றாகக் கொழுத்த கரடிக்கு ஜனங்கள் இணையத்தில் ஓட்டுப் போடுகிற குண்டுக் கரடிப் போட்டிக்கான பட்டியலை அன்றைக்கு அறிவிக்க இருந்தார்கள், அதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, பூங்காக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து நடந்ததை மக்களிடம் விளக்கிப் பேசினார்கள். செய்தித்தாளும் அப்படி விளக்கலாமே.

வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று எங்களைச் சொன்னதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே கட்மாயில் 2023 செப்டம்பரில் மலைமேல் உள்ள ஒரு கேமராவின் முன்னால், காற்றிலும் மழையிலும் வழி தவறிய ஒரு ஆள் வந்து நின்று உதவி கேட்டார். கரடி வராத, யாரும் அதிகம் பார்க்காத கேமரா அது. எங்கேயோ உட்கார்ந்து அதையும் திறந்து வைத்திருந்தவர்கள் கவனித்துச் சொல்ல, வனக்காவலர்கள் போய் அவரைக் கூட்டிவந்தார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் இன்னும் வேடிக்கை. வசந்தத்தில் மீன்கள் ஆற்றில் மேலேறி வரும்போது மதகு மூடியிருக்கும். தண்ணீருக்குள் கேமரா. மீன் வந்து நிற்பதைப் பார்க்கிறவர் திரையில் மணியை அமுக்கினால், மதகுக்காரருக்குத் தகவல் போய்த் திறப்பார். 2021-லிருந்து நடக்கிறது. நானும் அமுக்கியிருக்கிறேன். பெரும்பாலான நேரம் பச்சைத் தண்ணீர்தான் தெரியும்.

கூந்தன்குளத்திலும் ஒரு கேமரா வேண்டும் என்று உங்கள் தாள் எழுதினால் நன்றாக இருக்கும். டிசம்பருக்கு முன்னால், பறவை இறங்குவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். ராத்திரி வெளிச்சம் போடக் கூடாது. கூட்டுக்குக் கீழே யார் வீடு என்று தெரியாத கோணமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வாசலில் வந்து நிற்கும். குஞ்சு செத்தால் படத்தை நிறுத்தக் கூடாது, ஏன் செத்தது என்று சரணாலயத்துக்காரர் யாராவது தமிழில் சொல்ல வேண்டும். பாட்டு போடவே கூடாது.

அந்த வாசகருக்கு ஒரு தகவல். ஜாக்கி வழக்கமாக ஜனவரியில் முட்டை இடுவாள். அந்த மாதம் நம் நேரம் ராத்திரி எட்டேகால் வாக்கில் திறந்தால் அங்கே சூரியன் எழும், ஷேடோ மாற்றிவிட வருவதைப் பார்க்கலாம். பகலில் திறந்தால் இருட்டுதான் தெரியும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், ஷேடோ வந்தால் ஜாக்கி குரல் கொடுப்பாள்.

இப்படிக்கு,
மு. செல்வராணி,
மூலைக்கரைப்பட்டி, திருநெல்வேலி மாவட்டம்.